மணலோடு எடை போட்டவர்

சார் டீ குடிக்கும் அழகை நேரில் பார்த்தவர்கள், அவர் வெளிநாட்டில் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒரு டீ சொல்வார். கூடவே ஒரு காலி டம்ளர் கேட்பார். டீயில் பாதியைக் காலி டம்ளரில் ஊற்றி, இரண்டையும் வெந்நீர் கேட்டு நிரப்பி, ஒன்றை உதவியாளரான என்னிடம் நீட்டுவார். திருவொற்றியூரில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கீழே கடை போட்டிருந்த டீக்கடைக்காரர் ஒருநாள் பொறுக்க முடியாமல், "சார், உனுக்கு டீ வோணுமா, வெந்நீ வோணுமா, ஒண்ணு சொல்லு" என்றார். சார் நிதானமாக யோசித்துவிட்டு, இரண்டும் என்றார்.

கஞ்சத்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். காசு இரண்டு டீக்குக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். எதுவும் முழுசாக இருந்தால் அவருக்கு ஆகாது, அவ்வளவுதான். காரமான குழம்பில் தயிரை ஊற்றுவார். தயிரில் தண்ணீரை ஊற்றுவார். கோபம் வந்தால் அதில் இரண்டு பாராட்டை ஊற்றுவார். பகலில் தூங்கிய வாட்ச்மேனைக் கண்டிக்கப் போனவர், அவர் வயதையும் உழைப்பையும் பற்றிப் பத்து நிமிஷம் பேசி, தூக்கம் உடம்புக்கு எவ்வளவு அவசியம் என்பதையும் சொல்லி, கடைசியில் கண்டிக்கவும் செய்தார். வாட்ச்மேன் நன்றி சொல்லிவிட்டுப் போய் மறுபடி படுத்தார்.

சார் ராயபுரத்துக்காரர். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் இரண்டு பாவத்தோடு நான்கு நல்ல காரியங்களையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வருவார் என்று அவர் மனைவி என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். சாமியார் எதற்கு மன்னிப்பு கொடுப்பது என்று தெரியாமல் திண்டாடியிருப்பார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயங்கள். சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. எங்கள் ஃபிட்டர் அண்ணன், அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்திருந்தார். அன்று மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து ஆபீஸ் போனுக்குச் செய்தி வந்தது. எடுத்தவர் சார். அண்ணனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, லீவு சாங்ஷன் ஆகிவிட்டது என்றார். கேட்டது இரண்டு நாள், ஐந்து நாளாகவே கொடுத்துவிட்டேன் என்றார். அண்ணன் முகம் மலர்ந்து, அவ்வளவெல்லாம் வேண்டாம் சார் என்றார். இல்லை, வேண்டியிருக்கும் என்றார் சார். அந்த மனிதருக்கு விஷயம் புரிய எடுத்துக்கொண்ட நேரத்தை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

ஆனால் அதே கையால்தான் என்னையும் ஒருமுறை காப்பாற்றினார். எங்கள் மெஷினில் அழுத்தம் முழுக்க இறங்குவதற்கு முன்பே நான் ஒரு வால்வைத் திறந்துவிட்டேன். மூடி பறந்துபோய் டியூப் லைட்டை உடைத்தது. யார் தலையிலும் விழாதது என் நல்ல நேரம். விசாரணையில் சார், "நானும் உதவியாளரும் சேர்ந்து திறந்தோம்" என்று எழுதிக் கொடுத்தார். அவர் அப்போது கட்டிடத்திலேயே இல்லை, கீழே டீயில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என் தப்பில் பாதியைத் தன் டம்ளரில் ஊற்றிக்கொண்டார். கூடவே, அந்த டியூப் லைட்டும் பழசுதான் என்று ஒரு வரி சேர்த்திருந்தார்.

அந்த மூடிக்குச் சொந்தமான மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். சமையல் கேஸ் சிலிண்டர் உயரத்துக்கு ஓர் எஃகுக் குடுவை. அதற்கு ஒரு பம்ப், ஒரு ஹீட்டர், நாலு மீட்டர். சோடா கம்பெனிகளுக்குப் போகிற அதே கரியமில வாயு சிலிண்டர்தான் எங்களுக்கும் வரும். அந்த வாயுவை ஒரு அளவுக்கு மேல் சூடாக்கி, ஒரு அளவுக்கு மேல் அழுத்தினால், அது வாயுவும் இல்லாமல் திரவமும் இல்லாமல் இரண்டுங்கெட்டானாக ஆகிவிடும். வாயுவைப் போல மண்ணின் இண்டு இடுக்கில் எல்லாம் நுழையும். திரவத்தைப் போல அங்கே ஒளிந்திருக்கும் எண்ணெயையும் ரசாயனத்தையும் கரைத்து எடுத்துக்கொண்டு வரும். வெளியே வந்து அழுத்தம் இறங்கியதும் அது சாதாரண வாயுவாகப் பறந்துவிடும், அழுக்கு மட்டும் அடியில் தங்கும். அழுத்தம்தான் கஷ்டம். தேவைப்படுகிற சூடு எங்கள் மாடியில் ஏப்ரல் மாதத்தில் சும்மாவே கிடைக்கும். வருகிற விருந்தாளிகளிடம் எல்லாம் சார், இதே முறையில்தான் காப்பிக்கொட்டையிலிருந்து தூக்கத்தைக் கெடுக்கிற சரக்கை நீக்குகிறார்கள் என்பார். காப்பியிலிருந்து காப்பியை எடுக்கிற வித்தை ஒன்று உலகத்தில் இருக்கிறது என்றால், அது சாரிடம் வந்து சேராமல் வேறு எங்கே போகும்?

எங்களுக்கு வந்த மண் காத்திவாக்கத்து மண். என் ஊர் மண். குப்பத்துக்குப் பின்னால் கழிமுகத்துப் பக்கம் ஒரு களிமண் திடல் உண்டு. கடற்கரையில் கல் கொட்டி மணலெல்லாம் போன பிறகு, கருவாடு காய வைக்க எங்கள் பெண்களுக்கு மிஞ்சியது அந்தத் திடல்தான். பழைய வலையை விரித்து அதன் மேல் மீனைப் பரப்புவார்கள். ஒரு கம்பெனியின் எண்ணெய்க் குழாய் அதன் ஓரமாகப் போனது. குழாய் கசிந்தது, மழைவெள்ளம் வந்தது, எண்ணெய் திடலுக்குள் இறங்கியது. கம்பெனி வந்து பார்த்து, நீலத் தகரத்தால் வேலி போட்டுவிட்டுப் போனது. அன்றிலிருந்து என் சின்னம்மாவும் மற்ற பெண்களும் எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில், டேங்கர் லாரிப் புழுதியில் கருவாடு காய வைத்தார்கள். ஒரு நாள் ஒரு லாரி ஓரம் கட்டியதில் சின்னம்மாவின் வலை, மீன், அவளுடைய இடது காலின் இரண்டு விரல்கள் எல்லாம் ஒன்றாகப் போயின.

கம்பெனிக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, ஆளுயரத்துக்கு மண்ணை வெட்டி லாரி லாரியாக எடுத்துப் போய்ப் பத்திரமாகப் புதைப்பது. இன்னொன்று, எங்கள் மெஷின். சோதனைக்கு எடுத்த மண்ணில் முக்கால்வாசி அழுக்கு போனது என்று சார் எழுதிக் கொடுத்தால், இந்த முறை பலிக்கும் என்று பொருள். மீதித் திடலைப் பிற்பாடு படிப்படியாகக் கழுவிக்கொள்ளலாம், அதுவரைக்கும் வேலி எதற்கு, எடுத்துவிடலாம். மெஷின் ஒரு தடவைக்கு ஒரு கிலோ மண் கழுவும். படிப்படியாக என்றால் எத்தனை படி என்று நான் ஒரு மத்தியானம் கணக்குப் போட்டுப் பார்த்து, பேப்பரைக் கிழித்துப் போட்டேன்.

களிமண் பொல்லாதது. அழுத்தத்தில் அது அடை மாதிரி இறுகிவிடும். வாயு அதற்குள் போகாமல் ஓரமாக ஒரு சந்து பிடித்து வெளியே ஓடிவிடும். அதனால் கழுவின ஆற்றுமணலைச் சரிபாதி கலக்கச் சொன்னார் சார். இது அவர் சொந்தச் சரக்கு இல்லை, இந்த வேலை செய்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். அதில் தப்பே இல்லை. கலந்தோம், வாயு ஒழுங்காகப் போனது, முடிவுகள் வந்தன. முக்கால்வாசி எண்ணெய் காணோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போய் சின்னம்மாவிடம் வேலி சீக்கிரம் போய்விடும் என்று சொன்னேன். அவள் அன்று எனக்குத் தனியாக இறால் வறுத்துக் கொடுத்தாள்.

பிறகு ஒரு நாள் கரண்ட் போனது. குடுவைக்குள் மண் இருந்தது, பம்ப் நின்றுவிட்டது, ஃபிட்டர் அண்ணன் அதைக் கவனிக்காமல் வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் நான் வழக்கம் போல மண்ணை எடுத்துச் சோதித்தேன். பாதி எண்ணெய் போயிருந்தது. அதற்கப்புறம்தான் மீட்டர் பதிவைப் பார்த்தேன். அழுத்தம் ஏறவே இல்லை. மெஷின் ஓடாமலே மண் பாதி சுத்தமாகியிருக்கிறது என்று முதலில் எனக்குப் புல்லரித்தது. கொஞ்ச நேரத்தில் வெட்கமாகிவிட்டது. கழுவுவதற்கு முன்னால் வெறும் களிமண்ணில் எண்ணெயை அளந்தோம். கழுவிய பிறகு மணல் கலந்த மண்ணில் அளந்தோம். மணலில்தான் எண்ணெயே கிடையாதே. மணலைக் கொட்டிய நிமிஷமே பாதி "சுத்தம்" ஆகிவிட்டது. மிச்ச பாதியில் பாதியைத்தான் மெஷின் எடுத்திருக்கிறது. மணல் எடையைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட வேண்டும் என்பது முதல் வருஷம் படிக்கிற பிள்ளைக்குத் தெரியும்.

சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி பேண்ட் ஓரத்தில் துடைத்துக்கொண்டே இருந்தார். தெரியும் என்றார்.

"கழிச்சா முக்கால் வராதும்மா. உங்க ஊர்ப் பொம்பளைங்க ரோட்டுல உக்காந்திருக்காங்க. உன் சின்னம்மா கால நானும்தானே பார்த்தேன்."

அவர் கம்பெனியிடம் விலை போயிருந்தால் எனக்கு வெறுக்கச் சுலபமாக இருந்திருக்கும். மனிதர் இரக்கத்தில் கலந்திருக்கிறார். கரண்ட் போன நாளின் கணக்கை என்ன செய்வது என்று கேட்டேன். அதையும் ஆவரேஜில் சேர்த்துவிடு என்றார். ஓடிய மெஷினும் ஓடாத மெஷினும் ஒன்றாகக் கலந்து, முக்காலுக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு எண் வந்தது. முக்கால் என்றே எழுதி, அதற்கு முன்னால் "கிட்டத்தட்ட" என்று ஒரு சொல் போட்டார். டைப் செய்தது நான். எனக்கும் வேலி போக வேண்டும். எனக்கும் அந்தக் கால் விரல்கள் கண்ணில் நின்றன. யோக்கியம் பேசுவதற்கு எனக்கு இடமில்லை.

ரிப்போர்ட் கம்பெனிக்குப் போனது. முடிவை ஊரில் சொல்ல ஒரு கூட்டம் போட்டார்கள். அம்மன் கோயில் முன்னால் பந்தல். மத்தியான வெயிலில் கம்பெனி அதிகாரி சுவரில் படம் காட்டினார், ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஊர்ப் பெரியவர்கள் நாற்காலியில், பெண்கள் தரையில். சார் இரண்டு கண்ணாடிப் பாட்டில்களைக் காட்டினார். ஒன்றில் கழுவாத களிமண், கறுப்பாக. இன்னொன்றில் கழுவியது, வெளிறிப்போய். கூட்டம் தலையாட்டியது. சின்னம்மா விந்தி விந்தி எழுந்து வந்து இரண்டாவது பாட்டிலை வாங்கித் திறந்து, உள்ளங்கையில் கொட்டி விரலால் தேய்த்துப் பார்த்தாள். இதில் மணல் இருக்கிறதே என்றாள். சார் உற்சாகமாகிவிட்டார். களிமண் இறுகுவது, வாயு போகாதது, மணல் கலப்பது எல்லாவற்றையும் அவளுக்கு விளக்கினார். அதுவரைக்கும் அவர் சொன்னதெல்லாம் நிஜம்தான்.

சின்னம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். அவள் முப்பது வருஷம் கருவாடு விற்றவள். மணலில் காய்ந்த கருவாட்டில் மணல் ஒட்டியிருக்கும். வாங்குகிறவர்கள் அதைக் கூடையின் விளிம்பில் தட்டி உதறிவிட்டுத்தான் தராசில் வைக்க விடுவார்கள். உதறாமல் எடை போடுகிற வியாபாரியை எங்கள் பக்கம் நாலு பேர் நடுவில் நிற்க வைத்துக் கேட்பார்கள்.

"கலந்தே, சரி, தப்பில்ல. எடை போடசொல்ல உதறினியா சார், உதறாம போட்டியா?"

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. கம்பெனி அதிகாரிக்குக் கேள்வியே புரியவில்லை. எனக்கு நன்றாகப் புரிந்தது. சின்னம்மா என்னைப் பார்த்துத் திரும்பினாள்.

"நீதான எடை போடற பொண்ணு? நீ சொல்லு."

என் வாய் எங்கள் தெருவில் பிரசித்தம். உதறினோம் என்றால் என் சின்னம்மாவிடம் பொய். உதறவில்லை என்றால் வேலையும் போகும், வேலியும் நிற்கும். செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னைப் பார்த்த சார், எழுந்து எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஒதறலம்மா. மணலோடதான் போட்டோம். மணல எடுத்துட்டா பாதி எண்ணெ அப்டியே கீது."

ஆய்வுக்கூடத்தில் படித்தவர்கள் தமிழும் இங்கிலீஷுமாகப் பேசுகிறவர் வாயிலிருந்து "கீது" வந்ததை அன்றுதான் கேட்டேன். அடுத்து ஒரு "ஆனால்" வரும் என்று காத்திருந்தேன். கம்பெனி அதிகாரியும் காத்திருந்தார். வரவில்லை. சார் பாட்டில்களை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவரை நான் காலத்துக்கும் மதிப்பேன்.

கதை அங்கேயே முடிந்திருக்கலாம். மறுநாள் அவர் கம்பெனிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். முதலில் அவர் சொல்ல நான் டைப் செய்தது ஒரே வரி: "எங்கள் ரிப்போர்ட்டில் உள்ள கணக்கு தவறு." அதைப் படித்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் மொட்டையாக இருக்கிறது என்றார். மத்தியானத்துக்குள் அது ஒரு பக்கம் ஆயிற்று. சாயங்காலம் இரண்டு பக்கம். கம்பெனியின் ஒத்துழைப்புக்கு நன்றி சேர்ந்தது, மெஷினின் எதிர்காலம் சேர்ந்தது. காலையில் இருந்த அந்த வரி, இரண்டாம் பக்கத்தில் நாலாவது பத்தியில், "களிமண்ணின் தனி எடையை அடிப்படையாகக் கொள்ளும் பட்சத்தில் இம்முடிவுகள் மேலும் பரிசீலிக்கத்தக்கவை" என்று படுத்திருந்தது. பந்தலில் சிங்கமாக நின்றவர், காகிதத்தைக் கண்டதும் பழையபடி வெந்நீரைத் தேடிப் போய்விட்டார். கம்பெனி நன்றி தெரிவித்துப் பதில் போட்டது. அந்தக் கடிதத்தையே ரிப்போர்ட்டோடு பின்னிணைப்பாகச் சேர்த்துக்கொண்டது. அவர் பந்தலில் சொன்னது எந்தக் காகிதத்திலும் இல்லை. ஒரு வரிக் கடிதம் என் கம்ப்யூட்டரில் இருந்தது. அதை அனுப்ப ஒரு விரல் போதும். அனுப்பவில்லை. பயம்தான், வேறு என்ன.

சோதனை முடிந்துவிட்டது என்று மெஷினுக்கு உறை போட்டார்கள். கூட்டத்தில் சார் அப்படிப் பேசியதை மேலிடம் மறக்கவில்லை. இனி அவருக்கு வேலை எதுவும் வராது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. விருப்ப ஓய்வு என்று எழுதிக் கொடுத்துவிட்டு கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போனார்.

நாலு மாதம் கழித்து நீலத் தகரத்தைப் பிரித்தார்கள். கம்பெனி செய்த சூழ்ச்சி என்று கொதித்துப்போய் விசாரித்தேன். இல்லை. எங்கள் ஊரிலிருந்தே மனு போயிருக்கிறது. முக்கால்வாசி என்று சொன்ன ரிப்போர்ட்டே எங்களுக்குப் போதும், திடலைத் திறந்துவிடுங்கள், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று. பெரியவர்கள் கையெழுத்துக்குக் கீழே பெண்களின் கையெழுத்து. மூன்றாவது கையெழுத்து என் சின்னம்மாவுடையது.

அன்று சாயங்காலம் திடலுக்குப் போனேன். வலையை விரித்து நெத்திலியைப் பரப்பிக்கொண்டிருந்தாள். பாதி எண்ணெய் இருக்கிறது என்று தெரிந்தும் எப்படிக் கையெழுத்துப் போட்டாய், பிறகு எதற்காக அந்த மனிதரை அத்தனை பேர் நடுவில் அந்தக் கேள்வி கேட்டாய் என்று சண்டை பிடித்தேன். அவள் மீனைப் பரப்புவதை நிறுத்தவில்லை.

"நம்மளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சிகினு போய்டக் கூடாது இல்ல, அதுக்குக் கேட்டேன். எடம் வோணாம்னு நான் எப்போ சொன்னேன்? மறுபடியும் ரோட்டுல போயி குந்தச் சொல்றியா?"

அவள் தருகிற கருவாட்டை வாங்கி வருகிறேன், சமைப்பதில்லை. அதையும் அவளிடம் சொல்வதில்லை.

கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் சார் போன் செய்வார். என் வேலை, என் பிள்ளைகள், ஃபிட்டர் அண்ணன் என்று ஒரு சுற்று வந்துவிட்டு, கடைசியில் குரலை இறக்கி அதைக் கேட்பார். அந்தத் திடல் என்ன ஆச்சு, வேலி இருக்கிறதா? போன வருஷமும் கேட்டார். அவர் வாழ்நாளில் வெறும் உண்மையாகச் சொன்னது அந்த ஒன்றுதான். அது எதையும் தடுக்கவில்லை என்று நான் எப்படிச் சொல்வேன்?

"அப்டியேதான் சார் இருக்கு. யாரையும் உள்ள வுடல" என்றேன்.

நல்லதும்மா, நல்லது என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு போனை வைத்தார்.